சர்வர் இரட்டிப்பானது, வேகம் ஏன் ஏறவில்லை?

போன மாதம் ஒரு ராத்திரி அண்ணன் மகள் பெங்களூரிலிருந்து கூப்பிட்டாள். வேலையில் சேர்ந்து ஆறு மாதம் ஆகிறது. "சித்தப்பா, தரவு வைக்க எட்டு சர்வர் இருந்துச்சு. மெதுவா இருக்குதுன்னு பதினாறு ஆக்கினோம். இப்பவும் அதே வேகம்தான். மேனேஜர் என்னையே பாக்கிறாரு" என்றாள். இப்போது வேகம் எவ்வளவு என்று கேட்டேன். நொடிக்கு 1.1 ஜிபி. முன்னால்? அதுவும் 1.1 ஜிபிதான்.

அந்த இரண்டு எண்ணும் ஒன்றாக இருந்ததிலேயே பாதி விடை இருந்தது. ஆனால் அதைச் சொல்லிவிட்டு ஃபோனை வைத்தால் அடுத்த முறையும் என்னைத்தான் கூப்பிடுவாள். அதனால் அடியிலிருந்து ஆரம்பித்தேன். அன்று ஒரு மணி நேரம் பேசியதை, இந்தத் துறைக்குப் புதிதாக வருகிறவர்களுக்காகக் கொஞ்சம் ஒழுங்குபடுத்தி எழுதுகிறேன்.

எங்கள் வீடு சேலம் செவ்வாய்ப்பேட்டையில். அப்பா கொலுசுப் பட்டறை வைத்திருந்தார். ஒரே கூரைக்குக் கீழ் இருபது பேர் உட்கார்ந்து வேலை பார்க்கும் இடம் என்று நினைத்துவிடாதீர்கள். சேலத்துக் கொலுசு பெரும்பாலும் வீடு வீடாகப் பிரிந்துதான் உருவாகும். வெள்ளியை உருக்குவது ஓரிடம், கம்பி இழுப்பது ஓரிடம், பற்றவைப்பது நாலைந்து வீடுகளில், சலங்கை கோப்பது வேறு வீட்டில், கடைசியில் மெருகு. எந்த நேரத்திலும் அப்பாவின் வெள்ளி ஊர் முழுக்கச் சிதறிக் கிடக்கும். யாரிடம் எத்தனை கிராம் போயிருக்கிறது, சேதாரம் எவ்வளவு என்பதெல்லாம் கணக்குப்பிள்ளையின் நீள நோட்டில் இருக்கும். நோட்டு தொலைந்தால் வெள்ளி எங்கேயும் போய்விடாது. ஆனால் எங்கே இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது.

டிஸ்ட்ரிபியூட்டட் ஸ்டோரேஜ் என்று சொல்கிறோமே, அதுவும் இதே ஏற்பாடுதான். ஒரு பெரிய ஃபைலைத் துண்டு துண்டாக வெட்டி, ஒவ்வொரு துண்டுக்கும் இரண்டு மூன்று பிரதி எடுத்து, வெவ்வேறு சர்வர்களில் வைத்துவிடுவார்கள். ஒரு சர்வர் செத்தாலும் மற்றதில் பிரதி இருக்கும். மூன்று பிரதி என்றால் 1 டிபி சேமிக்க 3 டிபி டிஸ்க் போகும், அது அதற்குக் கொடுக்கும் விலை. இடம் போதாதபோது இன்னொரு சர்வரைச் சேர்த்துக்கொள்ளலாம் என்பதுதான் இதன் பெரிய கவர்ச்சி. விற்கிறவர்கள் சொல்வதைக் கேட்டால் முடிவே இல்லாமல் சேர்த்துக்கொண்டே போகலாம் போலத் தோன்றும்.

நடைமுறையில் ஏதாவது ஒன்று முதலில் நிரம்பும். அது பெரும்பாலும் நாம் பார்த்துக்கொண்டிருக்கும் டிஸ்க்காக இருக்காது.

நோட்டு நிரம்புவது

துண்டுகள் எங்கே இருக்கின்றன என்பதைத் தெரிந்துகொள்ள இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, கணக்குப்பிள்ளை வழி. எல்லா விவரத்தையும் ஒரு சர்வர் எழுதி வைத்துக்கொள்ளும். கூகுள் 2003-இல் வெளியிட்ட கட்டுரையில் விவரித்த அதன் ஃபைல் சிஸ்டம் இந்த வகை. அதைப் பின்பற்றி வந்த ஹடூப்பும் இந்த வகை. ஹடூப்பில் அந்தக் கணக்குப்பிள்ளைக்கு நேம்நோடு என்று பெயர். தரவைப் பற்றிய தரவு என்பதால் இந்த விவரங்களை மெட்டாடேட்டா என்பார்கள்.

நேம்நோடு இந்த நோட்டு முழுவதையும் தன் நினைவகத்தில், அதாவது ராமில் வைத்திருக்கும். அப்போதுதான் கேட்டதும் பதில் சொல்ல முடியும். ஒரு ஃபைலுக்கோ ஒரு துண்டுக்கோ தோராயமாக 150 பைட் என்பது இந்த வட்டாரத்தில் எல்லோரும் போடும் கணக்கு. கேட்டால் அற்பமாகத் தெரியும். போட்டுப் பார்ப்போம்.

ஹடூப்பில் ஒரு துண்டின் அளவு வழக்கமாக 128 எம்பி. உங்களிடம் 1 டிபி தரவு, அந்த அளவு ஃபைல்களாகவே இருக்கிறது என்றால் மொத்தம் 8,192 ஃபைல். ஒவ்வொன்றுக்கும் ஃபைல் பதிவு ஒன்று, துண்டுப் பதிவு ஒன்று. நோட்டின் எடை சுமார் இரண்டரை எம்பி. இப்போது அதே 1 டிபி, 100 கேபி அளவுள்ள குட்டி ஃபைல்களாக வருகிறது என்று வையுங்கள். 1 கோடியே 7 லட்சம் ஃபைல்கள். நோட்டின் எடை 3 ஜிபியைத் தாண்டும். டிஸ்க்கில் போன இடம் ஒன்றுதான், நோட்டில் போன இடம் ஆயிரம் மடங்குக்கும் மேல்.

அப்பாவின் கணக்குப்பிள்ளை இதையே புலம்புவார். ஒரு கிலோவாகப் பத்துப் பேருக்குக் கொடுத்தால் பத்து வரி. அதையே பத்துப் பத்து கிராமாக ஆயிரம் பேருக்குக் கொடுத்தால் ஆயிரம் வரி, சாயங்காலம் திரும்பி வரும்போது இன்னொரு ஆயிரம் வரி. வாசலில் ஆட்கள் நிற்பார்கள், பற்றவைக்கிற வீடுகளில் அடுப்பு சும்மா எரிந்துகொண்டிருக்கும். அப்போது போய் இன்னும் இரண்டு வீட்டைப் பற்றவைக்கச் சேர்த்தால் வாசல் வரிசைதான் நீளும். குட்டி ஃபைல் தொல்லைக்கும் மருந்து வேறு: ஃபைல்களை மூட்டை கட்டிப் பெரிதாக்குவது, அல்லது நோட்டையே இரண்டு மூன்றாகப் பிரித்து வெவ்வேறு கணக்குப்பிள்ளைகளிடம் கொடுப்பது.

இரண்டாவது வழி, நோட்டே வேண்டாம் என்பது. ஃபைலின் பெயரை ஒரு கணக்குக்குள் போட்டால், அது எந்த சர்வரில் இருக்க வேண்டும் என்று விடை வந்துவிடும். யாரையும் கேட்க வேண்டியதில்லை. எளிமையான கணக்கு, பெயரை ஓர் எண்ணாக்கி சர்வர் எண்ணிக்கையால் வகுத்து மீதியைப் பார்ப்பது. அதில் ஒரு பள்ளம் இருக்கிறது. எட்டு சர்வரை ஒன்பது ஆக்கினால் மீதிகள் எல்லாம் மாறி, ஒன்பதில் எட்டுப் பங்கு தரவு இடம் பெயர வேண்டியிருக்கும். 1997-இல் வந்த கன்சிஸ்டென்ட் ஹேஷிங் என்ற உத்தி இதைச் சரிசெய்தது. அதில் ஒன்பதாவது சர்வர் வந்தால் ஒன்பதில் ஒரு பங்கு மட்டும் நகரும். செஃப் (Ceph) போன்ற ஸ்டோரேஜ் அமைப்புகளும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்த கணக்கைத்தான் வைத்திருக்கின்றன.

நோட்டு இல்லையென்றால் தொல்லையும் இல்லை என்று நினைக்க வேண்டாம். கணக்கு எப்போதும் சமமாகப் பங்கு போடாது. எல்லா டிஸ்க்கும் சராசரியாக 70 சதவீதம் நிரம்பியிருக்கும்போது ஏதோ ஒன்று 90-ஐத் தொட்டிருக்கும். செஃப்பில் இயல்பான அமைப்பின்படி ஒரு டிஸ்க் 85 சதவீதத்தைத் தாண்டினால் எச்சரிக்கை வரும். 95-ஐத் தொட்டால் அந்த டிஸ்க் சேர்ந்திருக்கும் தொகுப்பு முழுவதிலும் எழுதுவது நின்றுவிடும். மற்றவற்றில் எவ்வளவு காலி இருந்தாலும் சரி. அதனால் இந்த வேலையில் சராசரியை நம்பாதீர்கள். அதிகம் நிரம்பியது எது, எவ்வளவு என்று கேளுங்கள்.

இதன் தம்பிதான் சூடான புள்ளி. ஃபைல் பெயர் தேதியில் ஆரம்பிக்கிறது, தரவும் பெயர் வரிசைப்படி பிரிந்திருக்கிறது என்றால், இன்றைக்கு வருவதெல்லாம் ஒரே சர்வரில் போய் விழும். மற்ற பதினைந்தும் நேற்றையதை வைத்துக்கொண்டு வேடிக்கை பார்க்கும். பெயரின் முன்னால் ஏதாவது கலைத்துப் போட்ட எழுத்துகளைச் சேர்த்தால் போதும், பரவிவிடும். பதிலுக்கு, தேதி வரிசையில் படிப்பது கடினமாகும்.

வரிசையின் கணக்கு

அவளுக்குப் புரிய வைக்க அதிக நேரம் எடுத்தது இதைத்தான். டிஸ்க் 90 சதவீதம் வேலையாக இருக்கிறது என்றால் இன்னும் 10 சதவீதம் மிச்சம் இருக்கிறது என்றுதான் நாமெல்லாம் நினைப்போம்.

ஒரு சாதாரணச் சுழலும் டிஸ்க்கை எடுத்துக்கொள்வோம். நிமிடத்துக்கு 7,200 சுற்று, ஆக ஒரு சுற்றுக்கு 8.3 மில்லி செகண்ட். தேடும் இடம் முள்ளுக்கு அடியில் வரச் சராசரியாக அரைச் சுற்று ஆகும். முள் நகரும் நேரத்தையும் சேர்த்தால் ஒரு கோரிக்கைக்கு 12 மில்லி செகண்ட் என்று வைக்கலாம். அப்படியானால் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் படிக்கச் சொன்னால், நொடிக்குச் சுமார் 80 தடவைதான் அதனால் முடியும். டிஸ்க்கின் கொள்ளளவு 2 டிபியாக இருந்தாலும் 20 டிபியாக இருந்தாலும் இந்த எண்ணில் பெரிய மாற்றம் வராது. பெரிய டிஸ்க்காக வாங்கிச் சர்வர் எண்ணிக்கையைக் குறைக்கிறேன் என்று கிளம்புகிறவர்கள் விழும் குழி இது.

இப்போது வரிசை. கோரிக்கைகள் தாறுமாறான இடைவெளியில் வரும்போது, காத்திருப்பதையும் சேர்த்து ஆகும் நேரத்துக்கு ஓர் எளிய சூத்திரம் இருக்கிறது. வேலை நேரத்தை, டிஸ்க் சும்மா இருக்கும் விகிதத்தால் வகுக்க வேண்டும். டிஸ்க் பாதி நேரம் சும்மா இருந்தால் 12 என்பது 24 ஆகும். 80 சதவீதம் வேலையில் இருந்தால் 60. 90 என்றால் 120. 95 என்றால் 240 மில்லி செகண்ட். 90-இலிருந்து 95-க்குப் போனது ஐந்தே சதவீதம், காத்திருப்போ இரட்டிப்பாகிவிட்டது.

மே மாதத்து ஞாயிற்றுக்கிழமை காலையில் ஏற்காடு அடிவாரத்தில் நின்று பார்த்தவர்களுக்கு இது சூத்திரம் இல்லாமலே புரியும். இருபது கொண்டை ஊசி வளைவுகள். வண்டிகள் பரவலாக வந்தால் எல்லாம் போய்க்கொண்டே இருக்கும். கோடை விழாக் கூட்டத்தில் ஒரு வளைவில் ஒரு பஸ் பின்வாங்கித் திரும்ப அரை நிமிடம் எடுத்தால் போதும், வால் அடிவாரம் வரை வந்துவிடும். அங்கே இன்னும் பத்து பஸ் விட்டால் மலைக்கு மேலே ஆள் அதிகமாகப் போய்ச் சேரமாட்டார்கள். குப்பனூர் வழியாக இன்னொரு பாதை இருப்பதுதான் ஊரைக் காப்பாற்றுகிறது.

சர்வர் நிறைய இருக்கும் இடத்தில் இதற்கு ஒரு கிளைக் கதையும் உண்டு. ஒரு சர்வர் நூறு தடவையில் ஒரு தடவைதான் மெதுவாகப் பதில் சொல்கிறது என்று வையுங்கள். நல்ல சர்வர்தான். ஆனால் ஒரு கோரிக்கைக்கு நூறு சர்வர்களிடமிருந்து துண்டு வர வேண்டும் என்றால், அதில் ஒன்றாவது மெதுவாக இருப்பதற்கான வாய்ப்பு 63 சதவீதம். சர்வரைக் கூட்டக் கூட, பயனருக்கு மெதுவாகத் தெரிவதும் கூடும். நான் இதை முதலில் படித்தபோது பேப்பரில் போட்டுப் பார்த்தேன், 0.99-ஐ நூறு தடவை பெருக்கினால் 0.37-தான் வருகிறது.

சின்னச் சின்ன வரம்புகள்

பெரியதாக யோசித்துக்கொண்டிருக்கும்போது காலை வாருவது சின்ன எண்கள்தான். நான் முன்பு வேலை பார்த்த ஓர் இடத்தில் ராத்திரி இரண்டு மணிக்கு எல்லாச் சர்வர்களும் 'டிஸ்க்கில் இடமில்லை' என்று கத்த ஆரம்பித்தன. பார்த்தால் முக்கால் பாகம் காலி. இரண்டு மணி நேரம் ஒவ்வொன்றாக ரீஸ்டார்ட் செய்து பார்த்தோம், வெட்கமாகத்தான் இருக்கிறது சொல்ல. தீர்ந்திருந்தது ஐநோடு, அதாவது ஒரு ஃபைலின் விவரத்தை டிஸ்க்கில் குறித்து வைக்கும் பதிவு. லினக்ஸில் இஎக்ஸ்டி4 முறையில் டிஸ்க்கைத் தயார் செய்யும்போதே, 16 கேபிக்கு ஒன்று என்று ஐநோடுகளை ஒதுக்கிவிடும். ஒரு ஃபைலுக்கு ஓர் ஐநோடு. 1 டிபிக்கு 6 கோடியே 71 லட்சம். நாங்கள் வைத்திருந்ததெல்லாம் 4 கேபி அளவுள்ள சின்னப் படங்கள். கால் பாகம் நிரம்பும்போதே ஐநோடு தீர்ந்துபோகும். டிஎஃப் கட்டளையோடு ஐ என்ற எழுத்தைச் சேர்த்து (df -i) அடித்திருந்தால் அரை நிமிடத்தில் தெரிந்திருக்கும்.

இதே சாதியில் இன்னும் சில. ஒரு புரோகிராம் ஒரே நேரத்தில் திறந்து வைக்கும் ஃபைல்களுக்குப் பல லினக்ஸ்களில் ஆரம்ப வரம்பு 1,024. ஒரு சர்வரிலிருந்து வெளியே போகும் இணைப்புகளுக்கு இயல்பாக ஒதுக்கியிருக்கும் போர்ட் எண்கள் 28,232. ஒரே இலக்குக்கு அதற்கு மேல் இணைப்பு வேண்டுமென்றால் கிடைக்காது. இவை எல்லாமே மாற்றக்கூடியவை, ஆனால் இருப்பது தெரிந்தால்தானே மாற்றுவோம்.

அப்புறம், சர்வரைச் சேர்ப்பதே ஒரு சுமை. புது சர்வர் வந்ததும் பழையவற்றிலிருந்து தரவு நகர ஆரம்பிக்கும். 1 கிகாபிட் நெட்வொர்க் நொடிக்கு 125 எம்பிதான் கொண்டுபோகும். 10 டிபி நகர 22 மணி நேரம் ஆகும், அதுவும் வேறு யாரும் அந்தக் கம்பியைத் தொடவில்லை என்றால். ஏற்கெனவே திணறிக்கொண்டிருக்கும் அமைப்பில் வெள்ளிக்கிழமை சாயங்காலம் நாலு சர்வரைச் சேர்த்துவிட்டு வீட்டுக்குப் போகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். சனிக்கிழமை காலையில் ஆஃபீஸில்தான் இருப்பார்கள்.

கோட்டின் வடிவம்

சரி, இத்தனையில் நமக்கு வந்திருப்பது எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? நான் முதலில் கேட்பது ஒரு படம். கீழே, தள்ளும் சுமை. பக்கத்தில், கிடைக்கும் வேகம். ஒரு கிளையன்ட் (தரவைக் கேட்கும் கணினி), இரண்டு, நாலு, எட்டு என்று சுமையைக் கூட்டிக்கொண்டே போய் ஒவ்வொரு இடத்திலும் புள்ளி வையுங்கள்.

கோடு நேராக ஏறி, ஓரிடத்தில் ஸ்கேல் வைத்து இழுத்ததுபோலத் தட்டையாகிவிட்டால், பொதுவான ஒரு பொருள் முழுதாக நிரம்பிவிட்டது. நெட்வொர்க் கார்டு, ஸ்விட்ச், எல்லோரும் நுழையும் வாசல் இப்படி ஏதாவது ஒன்று. அந்த உயரத்தை ஏதாவது தெரிந்த எண்ணோடு ஒப்பிட்டுப் பாருங்கள், பெரும்பாலும் பொருந்திவிடும்.

தட்டையாகாமல் கொஞ்சம் கொஞ்சமாக வளைந்தால், எங்கேயோ ஒரு பூட்டுக்கோ (ஒரு நேரத்தில் ஒருவர்தான் தொடலாம் என்ற ஏற்பாடு) ஒரு வரிசைக்கோ பலர் போட்டியிடுகிறார்கள். இதற்கு 1967-இலேயே ஆம்டால் என்ற கணினி வடிவமைப்பாளர் ஒரு கணக்குச் சொன்னார். வேலையில் நூற்றுக்கு 5 பங்கு ஒருவர் பின் ஒருவராகத்தான் நடந்தாக வேண்டும் என்றால், எத்தனை ஆயிரம் சர்வர் போட்டாலும் வேகம் 20 மடங்கைத் தாண்டாது.

கோடு உச்சிக்குப் போய்விட்டு இறங்கினால் இன்னும் மோசம். சர்வர்கள் ஒன்றோடொன்று பேசி ஒத்துப்போவதிலேயே நேரம் போகிறது. நீல் கந்தர் என்ற ஆய்வாளர் 1993-இல் இதையும் ஆம்டால் கணக்கோடு சேர்த்து ஒரே சூத்திரமாக்கினார். மூன்று சர்வரில் இரண்டு ஒப்புக்கொண்டால்தான் எழுதுவேன் என்ற வகை அமைப்புகளில் இதைச் சுலபமாகப் பார்க்கலாம். மூன்றை ஏழாக்கினால் நாலு பேரின் சம்மதம் வேண்டும். பங்காளிகள் கூடக்கூட வீட்டு மனை விற்பது தள்ளிப்போவது மாதிரி. இங்கே சேர்ப்பதை விடக் குறைப்பதே மருந்தாக இருக்கும்.

வடிவம் திசையைக் காட்டிவிடும். அதற்குப் பிறகு ஒவ்வொரு பொருளாகப் போக வேண்டும். பிரெண்டன் கிரெக் என்ற பொறியாளர் சொல்லும் மூன்று கேள்விகள் புதியவர்களுக்கு நல்ல பழக்கம்: எவ்வளவு நேரம் வேலையில் இருக்கிறது, அதற்காக எவ்வளவு வரிசை நிற்கிறது, பிழை ஏதாவது வருகிறதா. சிபியு, ராம், டிஸ்க், நெட்வொர்க் எல்லாவற்றிடமும் இதே மூன்றையும் கேளுங்கள். பிழையை முதலில் பாருங்கள், அது சீக்கிரம் பார்த்துவிடக்கூடியது. டிஸ்க்கைத் தனியாகச் சோதிக்க எஃப்ஐஓ (fio) என்ற கருவி, நெட்வொர்க்கைத் தனியாகச் சோதிக்க ஐபெர்ஃப் (iperf). இரண்டையும் ஒரே நேரத்தில் ஓட்டிவிட்டு எது மெதுவென்று தலையைச் சொறியாதீர்கள். மாற்றமும் அப்படித்தான். ஒன்றை மாற்று, அள, எழுதி வை, பிறகு அடுத்தது. அவசரத்தில் மூன்றை மாற்றி வேகம் ஏறிவிட்டால், எதனால் ஏறியது என்று கடைசிவரை தெரியாது.

அவளிடம் படம் போடச் சொன்னேன். மறுநாள் அனுப்பினாள். இரண்டு கிளையன்ட் வரை ஏறி, மூன்றிலிருந்து எட்டு வரை 1.1 ஜிபியில் ஸ்கேல் கோடு. "இந்த உயரம் எதை ஞாபகப்படுத்துது?" என்றேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. 10 கிகாபிட் கார்டு ஒன்று நொடிக்கு 1.25 ஜிபி கொண்டுபோகும், வழிச்செலவு போக 1.1 அல்லது 1.2 கையில் நிற்கும். எந்த சர்வரில் ஒரே ஒரு 10 கிகாபிட் கார்டு வழியாக எல்லாம் போகிறது என்று தேடினாள். கிடைத்தது. பதினாறு சர்வர்களுக்கும் முன்னால் ஒற்றை கேட்வே, அதாவது எல்லோரும் நுழையும் வாசல். எட்டு சர்வர் காலத்திலேயே அதுதான் முட்டிக்கொண்டு நின்றிருக்கிறது. பின்னால் இருந்த டிஸ்க்குகள் அன்றைக்கும் பாதி நேரம் சும்மா, இன்றைக்கு முக்கால் நேரம் சும்மா.

இன்னும் மூன்று கேட்வே போட்டார்கள். வேகம் ஏறியது. ஆனால் நாலு மடங்கு வரவில்லை. இந்தத் தடவை கோடு தட்டையாக இல்லை, மெல்ல வளைகிறது. "பூட்டா, வரிசையா, என்னன்னு நான் பாக்கிறேன் சித்தப்பா, நீங்க சொல்லாதீங்க" என்று மெசேஜ் அனுப்பியிருக்கிறாள்.